அந்தோணியாருக்கும் அருளப்பருக்கும் நடுவே

நிச்சயதார்த்தம் முடிந்து மூன்றாம் நாள் அவர் எனக்கு ஓர் எக்ஸெல் தாள் அனுப்பினார். 'போர்ச்சுகல், வரைவு 1' என்று தலைப்பு. 12 நாள், பத்து இடம். லிஸ்பன், சின்ட்ரா, தெற்கே அல்கார்வ் கடற்கரை, எவோரா, கோயிம்ப்ரா, அவேரு, போர்ட்டோ, டோரு பள்ளத்தாக்கு. போதாததற்கு விமானத்தில் மதேரா தீவு. அதற்கும் மேலே, எல்லை தாண்டி ஸ்பெயினில் செவில். ஒவ்வொரு கட்டத்திலும் புறப்படும் நேரம், சேரும் நேரம், நடுவில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி. கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் உற்பத்தித் திட்டம் போடுவது அவர் வேலை. தேனிலவையும் ஷிஃப்ட் போட்டு ஓட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது.

அதுவரை நாங்கள் இருவரும் தனியாகப் பேசியது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும். அதுவும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், கீழே பெரியவர்கள் காபி டம்ளரை வைக்கும் சத்தம் கேட்கும் தூரத்தில். கல்யாணம் வைகாசியில். நடுவே நான்கு மாதம். தினம் ராத்திரி போன் வரும், "சாப்பிட்டீங்களா", "ம்ம், நீங்க?" என்பதோடு பேச்சு வறண்டுவிடும். அந்த எக்ஸெல் தாள் வந்த பிறகுதான் எங்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. சண்டை போடவும்.

"வந்ததுதான் வர்றோம், அதையும் பாத்துட்டு வந்துடலாமே" என்பது அவர் கட்சி. நம் ஆட்கள் நவதிருப்பதியை ஒரே நாளில் முடிப்பதும், கொடைக்கானலுக்குப் போய்ப் பதினெட்டு இடத்துக்கு வேன் பேசுவதும் இந்த ஒரு வாக்கியத்தால்தான். என் கட்சி எளியது: ஒரு கட்டிலில் இரண்டு ராத்திரியாவது படுக்க வேண்டும். பெட்டியைத் திறந்த மறுநாளே மூடுவதற்குப் பெயர் தேனிலவு அல்ல, ஆய்வுப் பயணம்.

நாடு சிறியதுதான். தமிழ்நாடு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர் என்றால் போர்ச்சுகல் 92,000. லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு விரைவு ரயிலில் மூன்று மணி நேரம். சிறிய நாடாக இருப்பதே ஆபத்து, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் காட்டி ஆசை மூட்டும். முதல் வாரம் மதேராவை அடித்தேன். இரண்டாம் வாரம் செவில் போனது. "வேற நாட்டு நேரம் வேற, ஒரு மணி நேரம் கூட்டணும்" என்றதும் அவரே அடித்துவிட்டார், கணக்குக் குழப்பம் பிடிக்காதவர். அல்கார்வுக்குத்தான் ரொம்ப நாள் போராடினார். எங்கள் ஊர் உவரிக்குப் பக்கம். "கடலைப் பார்க்க நான் ஐரோப்பாவுக்குப் போகணுமா?" என்றேன். அதற்கு அவரிடம் பதிலில்லை. கோயம்புத்தூர்க்காரருக்குக் கடல் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த வெட்டு மட்டும் கொஞ்சம் அநியாயம்தான்.

தேதியை முடிவு செய்ததும் உவரிதான். செவ்வாய்க்கிழமையானால் மதம் பார்க்காமல் கூட்டம் கூடும் அந்தோணியார் கோயில் அங்கே. அவரைப் பதுவை அந்தோணியார் என்பார்கள். பதுவா இத்தாலியில் இருக்கிறது. ஆனால் அவர் பிறந்தது லிஸ்பனில். அவருடைய திருநாள் ஜூன் 13. அதற்கு முந்தைய இரவு லிஸ்பன் நகரமே தெருவில் இறங்கிவிடும் என்று படித்தேன். போர்ச்சுகல்காரர்களுக்கு அவர் கல்யாணம் கூட்டி வைக்கும் சாமியும்கூட. பத்து நாள் கழித்து, ஜூன் 23 இரவு, வடக்கே போர்ட்டோவில் ஸ்நாபக அருளப்பரின் கொண்டாட்டம். அவ்வளவுதான், திட்டத்துக்கு இரண்டு தூண் கிடைத்துவிட்டது. 12-ஆம் தேதி லிஸ்பனில் இருக்க வேண்டும், 23-ஆம் தேதி போர்ட்டோவில். நடுவில் இருப்பதைச் சாவகாசமாக நிரப்பிக்கொள்ளலாம். கடைசி வரைவு இப்படி நின்றது: லிஸ்பன் 4 இரவு, அலென்டெஜுப் பகுதியில் எவோரா 2, கோயிம்ப்ரா 1, டோரு பள்ளத்தாக்கில் பின்யாவ் 3, போர்ட்டோ 4. லிஸ்பனில் இறங்கி, போர்ட்டோவிலிருந்தே திரும்பும் டிக்கெட். ஒரே ஊருக்குப் போய் அங்கிருந்தே திரும்பினால் கடைசி நாளில் பாதி ரயிலில் கழிந்துவிடும்.

இரண்டு இரவு என்ற என் சட்டத்தை மீறியது கோயிம்ப்ரா ஒன்றுதான். "பேரைப் பாருங்க, கோயம்புத்தூர்க்காரன் அதை விட்டுட்டு வர முடியுமா?" என்று கேட்டார். விட்டுக்கொடுத்தேன்.

விசா பற்றி ஒரு வார்த்தை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. நாங்கள் விண்ணப்பித்தபோது இன்னும் தம்பதி ஆகவில்லை. இரண்டு தனித்தனி விண்ணப்பம், ஒரே அறைக்கான முன்பதிவு. எதற்கும் இருக்கட்டும் என்று கல்யாணப் பத்திரிகையையும் மொழிபெயர்த்து இணைத்தோம். இருவீட்டார் அழைப்பு, தாய்மாமன் பெயர்கள் எல்லாம் உட்பட. கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றிவிடலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திரும்பி வந்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பெயரில் விசாவும் புதிய பெயரில் பாஸ்போர்ட்டுமாக விமான நிலையத்தில் நிற்கிற கொடுமை வேண்டாம்.

லிஸ்பனில் அறை எடுத்தது அல்ஃபாமாவில். 1755 நவம்பர் 1 அன்று வந்த பெரும் பூகம்பத்தில் நகரத்தின் பெரும்பகுதி சரிந்தபோதும் ஓரளவு தப்பிய பழைய குன்றுப்பேட்டை அது. படத்தில் பார்க்கும்போது சந்துகளும் படிக்கட்டுகளும் அழகு. 23 கிலோ பெட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது தெரிந்தது அழகின் எடை. தெருவெங்கும் உள்ளங்கை அகலச் சுண்ணாம்புக் கல்லைப் பதித்திருக்கிறார்கள். பெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் தடுக்கும், மழை பெய்தால் மனிதரும் வழுக்குவார்கள். வாடகைக்கு எடுத்த அறை நான்காவது மாடியில், லிஃப்ட் கிடையாது. விளம்பரத்தில் அதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு பெட்டியில் மாமியார் கொடுத்த புளிக்காய்ச்சல், எள்ளுப்பொடி, முறுக்கு. இன்னொன்றில் என் அம்மா கொடுத்தவை. மூன்றாம் மாடியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "முறுக்கை இங்கயே சாப்பிட்டுட்டுப் போயிடலாமா?" என்றார்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். ஆங்கிலம் தெரியாது. எங்களுக்குப் போர்த்துகீசியம் தெரியாது. கையில் சாவியைக் கொடுத்து "ஷாவ்" என்றார். கதவைத் திறந்து உள்ளே போய், வெளியே ஆறு தெரிகிற இடத்தைக் காட்டி "ஜனேலா". துணி வைக்க "அர்மாரியு". காபி வைத்துச் சாப்பிட "மேஜா". இவர் என் காதோரம், "இந்த அம்மா தமிழ்தான் பேசுறாங்க" என்றார். அது பாதி உண்மை. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்ச்சுகல்காரர்கள் நம் கரையில் இறக்கிவிட்டுப் போன சரக்குகள். கொண்டும் வந்திருக்கிறார்கள்: தமிழ் மொழி முதன்முதலாக அச்சேறியதே 1554-இல் இந்த லிஸ்பனில்தான். ரோமன் எழுத்தில் அச்சிட்ட ஒரு சிறு ஞானோபதேசப் புத்தகம் அது.

ஜூன் 12 பகலில் பேராலயத்துப் படிக்கட்டுக்கு முன்னால் கூட்டம். என்னவென்று எட்டிப் பார்த்தால் வெள்ளை உடுப்பில் மணப்பெண்கள், ஒருவர் இருவரல்ல, வரிசையாக. 1958-இல் தொடங்கிய வழக்கம் இது. திருநாளை ஒட்டி மாநகராட்சியே செலவை ஏற்று 16 ஜோடிகளுக்குக் கல்யாணம் நடத்தி வைக்கிறது. எனக்கு மெகந்திச் சிவப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி என் கையைப் பார்த்து, இவரைப் பார்த்து, "நோய்வா?" என்று கேட்டார். மணப்பெண்ணா என்று அர்த்தமாம். தலையாட்டினேன். அந்தக் கூட்டத்தில் பதினேழாவது ஜோடியாகி எங்களுக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கிடைத்தது. இவர் காது வரை சிவந்தார்.

சாயங்காலத்திலிருந்து அல்ஃபாமாவில் நடக்க முடியவில்லை. ஜூனில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிறது. வீட்டு வாசலுக்கு வாசல் கரி அடுப்பு, அதன்மேல் முழு மத்தி மீன்கள். உப்புக்கல் மட்டும்தான் மசாலா. சுட்டதை ஒரு ரொட்டித் துண்டின் மேல் வைத்துத் தருகிறார்கள். மீனின் நெய் ரொட்டியில் இறங்கி, கடைசியில் அந்த ரொட்டிதான் மீனைவிட ருசி. கடற்கரைக்காரியான நான் ஏழு தின்றேன். அவர் முட்டையோடு நிறுத்திக்கொள்ளும் சைவம். புகை நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு எனக்காக வரிசையில் நின்றார்.

அங்கே ஒரு சின்ன மண்தொட்டிச் செடி விற்றார்கள். பந்துபோல் உருண்டையாக, நம் துளசிக்குச் சொந்தக்காரி மாதிரி, பொடிப்பொடி இலை. மேலே காகிதப்பூ ஒன்று, குச்சியில் நான்கு வரிப் பாட்டு எழுதிய கொடி. மஞ்ஜெரிக்கு என்று பெயர். காதலிப்பவருக்கு வாங்கித் தருவது வழக்கம். இவர் வாங்கி என் கையில் கொடுக்க, நான் முகத்தருகே கொண்டுபோக, விற்ற பாட்டி பதறிப்போய் என் கையைத் தட்டினார். நேரடியாக முகரக் கூடாதாம், மூக்கு பட்டால் செடி வாடிவிடுமாம். உள்ளங்கையை இலைகள்மேல் மெல்ல வைத்து எடுத்து, கையைத்தான் முகர வேண்டும். செய்து காட்டினார். அவர் கையில் மத்தி வாசமும் துளசி வாசமும் சேர்ந்து இருந்தது. அந்தச் செடியை ஊருக்குக் கொண்டுவர முடியாது. கிளம்பும்போது ஜனேலாவிலேயே வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் மதியம்வரை தூங்கினோம். நகரத்துக்கே விடுமுறை, எங்களுக்கும். மற்ற இரண்டு நாளில் சின்ட்ரா, பெலேம். சின்ட்ரா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. வண்ண அரண்மனையைவிட அந்த மலையை மூடிய பனிதான் நினைவில் இருக்கிறது. பெலேமில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கும் ஜெரோனிமுஸ் மடம் திங்கட்கிழமை மூடியிருக்கும். சாப்பாட்டுக் கடையில் நாம் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள். இனாம் என்று நினைக்காதீர்கள், தொட்டால் காசு. வேண்டாம் என்றால் எடுத்துப் போய்விடுவார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

லிஸ்பனிலிருந்து கார் எடுத்தோம், கோயிம்ப்ராவில் விட்டுவிடும் ஏற்பாட்டில். வலப்பக்கம் ஓட்டும் நாடு. ஸ்டியரிங் இடப்பக்கம். நம் கார்களில் இண்டிகேட்டர் வலக்கையில் இருப்பதால் அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பரைப் போட்டார். சொட்டு மழையில்லாத அலென்டெஜு வெயிலில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எவோரா போய்ச் சேர்ந்தோம். நெடுஞ்சாலைகளில் சில இடங்களில் சுங்கச்சாவடியே கிடையாது, கேமராதான். அதற்கான கருவியைக் கார் எடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்தச் சமவெளியில் என்னை நிறுத்தியது தக்கை மரம். பாட்டில் மூடி எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி இந்த நாட்டிலிருந்து வருகிறது. சாலையோரத்தில் இரண்டு பேர் ஒரு மரத்தை உரித்துக்கொண்டிருந்தார்கள். காரை ஓரங்கட்டினோம். கோடரியால் வெட்டுவதில்லை, தட்டுகிறார்கள். பட்டை பிளக்கும் ஆழத்துக்கு மட்டும். உள்மரத்தில் காயம் பட்டால் மரம் கெட்டுவிடும். அப்புறம் கோடரியைத் திருப்பி நெம்ப, ஆள் உயரப் பட்டை முனகிக்கொண்டே ஓடுபோலக் கழன்று வருகிறது. உரித்த அடிமரம் பச்சை ரணம்போலச் செக்கச்செவேல். அதன்மேல் வெள்ளை பெயிண்டில் ஒரே ஓர் எண் எழுதினார்கள், அந்த ஆண்டின் கடைசி இலக்கம். சட்டப்படி ஒன்பது ஆண்டு கழித்துத்தான் மறுபடி கை வைக்கலாம். நட்ட மரம் முதல் பட்டை தரவே சுமார் 25 ஆண்டு. அதுவும் மூடிக்கு உதவாது. மூன்றாம் முறை உரிப்பதுதான் தேறும். நடுகிறவர் பெரும்பாலும் தனக்காக நடுவதில்லை. எங்கள் பக்கத்துப் பனை மாதிரி.

எவோராவில் எங்களுக்குக் கிடைத்த அறையில் சுவருக்கு ஒன்றாக இரண்டு ஒற்றைக் கட்டில்கள். 'இருவருக்கான அறை' என்று பதிவு செய்ததன் பலன். 'காமா டி கசால்', அதாவது தம்பதிக் கட்டில், என்று எழுதிக் கேட்க வேண்டுமாம். இரண்டையும் நகர்த்திச் சேர்த்தோம், நடுவே ஒரு பள்ளம். இதே ஊரில்தான் பிரான்சிஸ்கன் துறவிகள் சுமார் 5,000 மனிதர்களின் எலும்புகளையும் மண்டையோடுகளையும் சுவரில் பதித்துக் கட்டிய தேவாலயம் இருக்கிறது. நாங்கள் காத்திருக்கிறோம், நீங்களும் வருவீர்கள் என்ற பொருளில் வாசலில் பொறித்திருக்கிறார்கள். தேனிலவில் பார்க்க வேண்டிய இடமா என்று கேட்டால், தெரியாது. அப்பத்தாவுக்கு அனுப்பிய படங்களில் அது இல்லை.

அவருக்கு ஒழுங்கான சாப்பாடு கிடைத்ததும் அங்கேதான். அசோர்டா என்று ஒரு ஏழைச் சாப்பாடு. பழைய ரொட்டித் துண்டுகளின் மேல், இடித்த பூண்டும் கொத்தமல்லியும் ஆலிவ் எண்ணெயும் கலந்த கொதிநீரை ஊற்றி, ஒரு முட்டையை உடையாமல் மிதக்க விடுகிறார்கள். (மீன் வேகவைத்த நீரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் அதுதான்.) ஆவி முகத்தில் பட்டதும் இவர் ஒரு நிமிடம் பேசவில்லை. "பூண்டு ரசம்" என்றார். புளி மட்டும்தான் இல்லை.

கோயிம்ப்ரா ஓர் இரவு. 1290-இல் தோன்றி 1537-இல் இந்த ஊரில் நிலைத்த பல்கலைக்கழகம், அதில் தங்கப் பூச்சு வேலைப்பாடுகளோடு 18-ஆம் நூற்றாண்டு நூலகம். புத்தகப் பூச்சிகளைத் தின்ன வௌவால்களை விரட்டாமல் விட்டிருக்கிறார்கள். ராத்திரி எச்சம் விழாமலிருக்க மேசைகளுக்குத் தோல் விரிப்பு. ஃபாடு பாட்டு லிஸ்பனில் ஆணும் பெண்ணும் பாடுவது. இங்கே கறுப்பு அங்கி போட்ட ஆண்கள் மட்டும். பாடி முடித்ததும் கை தட்டாமல் தொண்டையைச் செருமுவதுதான் பழைய மரியாதையாம்.

போர்ட்டோ போய் ரயில் மாறி பின்யாவுக்கு இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். பாதி வழிக்கு மேல் டோரு ஆறு கூடவே வரும். இரண்டு பக்கமும் மலையைப் படிப்படியாக வெட்டி, கல் சுவர் கட்டித் திராட்சை வைத்திருக்கிறார்கள். எந்தப் பகுதியின் திராட்சை போர்ட் ஒயினுக்கு உரியது என்று 1756-லேயே அரசாங்கம் எல்லை வகுத்துவிட்டது. பின்யாவ் ஸ்டேஷன் சுவரிலேயே நீல ஓடுகளில் அறுவடைக் காட்சிகள் இருக்கின்றன. நாங்கள் இருவருமே குடிப்பதில்லை. பார்க்க மலை போதும்.

அங்கே நடு நாளுக்குத் தாளில் கட்டம் காலி. நான் கேட்டு வாங்கிய காலி. காலை பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. திண்ணை நிழலில் உட்கார்ந்தோம். கீழே ஒரு படகு போனது. அரை மணி கழித்து இன்னொன்று. அவர் கைப்பேசியை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார். "என்ன, கட்டம் காலியா இருந்தா கை நடுங்குதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "சும்மா உக்காந்தா உன்கிட்ட என்ன பேசுறதுன்னு தெரியாம போயிடுமோன்னு பயந்துதான் பத்து ஊர் போட்டேன்." கல்யாணமான பின்னும் 'நீங்க'வை விடாதவர் வாயில் முதல் 'உன்கிட்ட'. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி ஒரு மணிவரை பேசினோம். எதைப் பற்றி என்று கேட்டால் நினைவில்லை, அவருடைய பள்ளிக்கூட சைக்கிள் திருட்டுப் போன கதை மட்டும் இருக்கிறது.

போர்ட்டோவில் ஆற்றுக்கு எதிர்க்கரை காயா. ஒயின் கிடங்குகள் அங்கேதான். வழிகாட்டிப் பெண் வரிசையாகக் கிடந்த மரக் கலங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் 550 லிட்டர் பிடிக்கும், இதற்கு 'பீப்பா' என்று பெயர் என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "பீப்பாய்!" என்று கத்த, கூட்டம் திரும்பிப் பார்த்தது.

23 இரவு. அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. ஊரே கையில் பிளாஸ்டிக் சுத்தியலோடு கிளம்புகிறது. எதிரில் வருகிறவர் தலையில், யாராக இருந்தாலும், ஒரு தட்டு. 'கீ' என்று ஒரு சத்தம். பழைய வழக்கம் பூண்டுத் தண்டால் முகத்தில் வருடுவது. இன்னமும் சில கிழவிகள் ஆளுயரத் தண்டோடு வந்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் தலையில் ஐந்து வயதுக் குழந்தை தட்ட, அவர் குனிந்து கொடுத்தார். எங்களைத் தட்டாமல் யாரும் போகவில்லை. முதல் பத்து நிமிடம் சங்கடமாக நெளிந்த இவர், அதற்கப்புறம் வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று என்று இரண்டு சுத்தியல் வாங்கிக்கொண்டார். நள்ளிரவில் ஆற்றின்மேல், 1886-இல் கட்டிய இரட்டை அடுக்கு இரும்புப் பாலத்தை ஒட்டி வாணவேடிக்கை. காகித விளக்குகள் வானத்தில் ஏறிக்கொண்டே இருந்தன. விடியற்காலை ஐந்து மணிக்கு அறைக்குத் திரும்பும்போதும் யாரோ பின்னாலிருந்து தட்டினார்கள். 24-ஆம் தேதி ஆற்றில் பழைய ஒயின் படகுகளுக்குள் போட்டி நடந்தது. கரையில் உட்கார்ந்து பாதித் தூக்கத்தில் பார்த்தோம். யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை.

இந்தத் தேதிகளில் போவதென்றால் 12-ஆம் தேதி லிஸ்பனுக்கும் 23-ஆம் தேதி போர்ட்டோவுக்கும் அறையை ஜனவரியிலேயே பிடித்துவிடுங்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். நடுவில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். பிளாஸ்டிக் சுத்தியலைக் கைப்பையில் கொண்டுவரலாம், எங்களை யாரும் தடுக்கவில்லை.